செம்பாக்கத்தில் இல்லாத வீடு

சளிப் பரிசோதனைக்குப் பெயர் பதிகிற மேசையில் இருந்த பெண் முகவரி கேட்டார். செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, ஒரு கதவு எண்ணையும் சொன்னேன். அந்தத் தெரு இருக்கிறது. முன்பு அங்கே ஒரு வீட்டில் வேலை பார்த்திருக்கிறேன். நான் சொன்ன எண்ணில் வீடுதான் கிடையாது. ஆதார் அட்டையை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றேன். போன் நம்பரில் கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னேன். பெயரை மாற்ற மட்டும் வாய் வரவில்லை. நிர்மலா, வயது முப்பத்து நான்கு.

அந்தப் பொய்யால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் முகாமில் இன்னும் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

நான் மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். செங்கல்பட்டுக்கு அப்பால் இருக்கும் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றேன். நீளமான ஒரு கட்டடத்தை அறை அறையாகத் தடுத்தது எங்கள் வரிசை. தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்மல். கணவர் யோகன் பெயிண்டர். மேடவாக்கம் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிகளுக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டு ராத்திரி திரும்புவார். மகள் டிலானிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வரும்வரை அடுத்த வீட்டு மரியாக்காவிடம் இருப்பாள்.

நான் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தேன். மேபல் டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் சாமுவேல் சாருக்கு எண்பத்திரண்டு வயது. பார்க்கின்சன் நோயால் கை கால் நடுங்கி, படுத்த படுக்கை. பேச்சும் அநேகமாக நின்றுவிட்டது. அவரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் என் வேலை. கொசு வருமென்று அவர் அறையின் ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஏசி ஓடும். நான் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பேன்.

மாதத்தில் இரண்டு முறை முகாமுக்குப் போவேன். அதில் ஒன்று கட்டாயம். அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடும் நாள் அது. குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முகாம் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் முகாமில் எல்லோரும் வளர்கிறோம்.

மழை முடிந்த பிறகும் எனக்குச் சளி போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் மாதிரி உடம்பு காயும். விடிகிற நேரம் கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும். ஜாக்கெட்டுகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். டீச்சர் ஒருநாள், "என்ன நிர்மலா, ரொம்ப இளைச்சிட்டியே?" என்றார். "வெயில்தான் டீச்சர்" என்றேன். வெயில் இன்னும் தொடங்கவே இல்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் முகாமில் ஒருவருக்கு டிபி வந்தது. அவர் வீட்டுக் குடம் குழாயடியில் கடைசியில்தான் நிற்கும். பிள்ளைகளை யாரும் விளையாடக் கூப்பிடவில்லை. அவர் குணமாகித் திரும்பி வந்தார். ஆனாலும் பொறுக்க முடியாமல் குடும்பமே வேறு முகாமுக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார்கள். அப்போது என் குடத்தையும் நான் தள்ளித்தான் வைத்தேன்.

மருந்து வாங்கி வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு சானடோரியம் ரயில் ஸ்டேஷன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். காத்திருக்கும் இடத்தில் நீளமாகப் பெஞ்சுகள். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். யாராவது இருமினால் மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். மேலே தாழ்வாக விமானம் போனபோது மட்டும் எல்லோரும் சேர்ந்து இருமினோம். அந்தச் சத்தத்தில் கேட்காது என்ற தைரியம்.

இரண்டு டப்பாக்கள் கொடுத்தார்கள். எச்சில் வேண்டாம், நெஞ்சின் அடியிலிருந்து வருகிற சளி வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். ஒன்று அங்கேயே மெஷினில் வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று வேறு லேபுக்குப் போகும், எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க. அதன் முடிவு வர நாளாகும் என்றார். "புரியுதாம்மா?"

"ஓம்" என்று வாயில் வந்துவிட்டது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சிலோனா?"

"இல்ல சிஸ்டர். ராமநாதபுரம்."

இன்னொரு பொய்.

மறுநாள் போனேன். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார். இடது பக்கம் மேலே பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு வெள்ளை. "டிபிதான். பயப்படாதீங்க, முழுசா குணமாகும். ஆறு மாசம், ஒரு நாள் விடக் கூடாது. கொஞ்ச வாரம் தனியா படுங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல சார். தனியாத்தான் இருக்கேன்."

ஒரு மாதத்து மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். முகாமுக்குப் போனால் டிலானி. சிட்லபாக்கத்துக்குப் போனால் சார். தனியாகப் படுப்பதற்கு இந்த ஊரில் எனக்கு ஒரு சுவரும் கிடையாது. கடைசியில் நான் சிட்லபாக்கத்துக்குத்தான் நடந்தேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அந்த நடைதான். என் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்று அடுத்தவர் வீட்டுக் கிழவரிடம் போனேன்.

அதன்பிறகு இருபத்து நான்கு நாட்கள். தூசி அலர்ஜி என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டேன். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டேன். சார் ராத்திரியில் முனகினால் உனக்குக் கேட்காது என்றார் டீச்சர். கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்றேன். மாத்திரையைச் சோப்பு டப்பாவில் ஒளித்து, விடியும் முன் அன்றைய நான்கு மாத்திரைகளையும் ஒரே மூச்சில் விழுங்குவேன். அந்த மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். யாரும் பார்க்கக் கூடாதென்று மூன்று வாளி தண்ணீர் ஊற்றுவேன். "லாரித் தண்ணி வாங்கறோம் நிர்மலா, பாத்து ஊத்து" என்று டீச்சர் ஒருநாள் சொன்னார்.

இரண்டாவது வாரம் காய்ச்சல் விட்டது போல இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் பழையபடி உடம்பு காய ஆரம்பித்தது. மருந்து சாப்பிடும்போதே ஏன் காய்கிறது என்று கேட்கவும் ஆளில்லை. யோகனுக்கும் நான் சொல்லவில்லை. போனில், "குரல் என்ன ஒரு மாதிரி?" என்று கேட்டார். "ஏசி ரூம்தானே" என்றேன்.

இருபத்து நான்காம் நாள் சாயங்காலம் சாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ வெதுவெதுவென்று ஏறியது. திரும்பி இருமினேன். மாஸ்க் நனைந்தது. கழற்றினால் சிவப்பு. மறுபடி இருமியபோது வெள்ளை டைல்ஸ் தரையில் சொட்டியது. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் பேசாதவர் உதட்டை அசைத்து ஒரு வார்த்தை சொன்னார். "சானடோரியம்."

ரயில் ஸ்டேஷனைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

டீச்சர் வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"டீச்சர்..."

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

சொன்னேன். அவர் கத்தவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் கையில் வைத்திருந்த கிண்ணத்தை வாங்காமல், "அங்கயே வை" என்றார். ஆட்டோ வரவழைத்தார். என் பையை வாசற்படி வரை காலால் தள்ளிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை மூக்கைப் பொத்தியபடியே கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். சிஸ்டர் என் சீட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டியவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"செம்பாக்கம் நிர்மலாவா? உங்களைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கோம்."

இரண்டாவது டப்பாவின் முடிவு வந்திருந்தது. எனக்குக் கொடுத்த நான்கு மருந்துகளில் ஐசோனியசிட் என்ற ஒன்றுக்கு என் கிருமி அசையவில்லை. டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரத்தை மூன்று பேர் தூக்குகிறார்கள். அப்படியே விட்டால் கிருமி மற்ற மூன்று மருந்துக்கும் பழகிக்கொள்ளும், அதன்பிறகு வைத்தியம் மிகவும் கஷ்டம். முடிவு வந்த அன்றே நான் மாற்றிச் சொன்ன நம்பருக்குப் போன் செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எடுத்துத் திட்டிவிட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் அந்தக் கிருமிக்கு நானே பழக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாலாஜி வந்தார். நோயாளிகளின் வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர். வெயிலில் கறுத்த முகம், கையில் ஹெல்மெட்.

"இன்னாக்கா நீ! மூணு வாட்டி வந்தேன் செம்பாக்கத்துக்கு. அந்தத் தெருவுல நீ சொன்ன நம்பரே இல்ல. வூடு வூடா ஏறி எறங்கி பேஜாராயிட்டேன்."

"அங்க வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என் பயம் அப்போதும் அதிலேயே இருந்தது.

"கொரியர்னு சொன்னேன். வேற இன்னா சொல்லுவேன்? நோய் பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டோம்க்கா."

அந்த மனிதருக்கு முன்னால்தான் முதல் முறையாக அழுதேன். பிறகு உண்மையைச் சொன்னேன். முகாமின் பெயர், வரிசை எண், மரியாக்கா, சிட்லபாக்கம், சார், டீச்சர். அவர் எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"பாப்பாவுக்கு இன்னா வயசு?"

"ஒம்பது."

"கூட்டியார சொல்லுக்கா. நாளைக்கே."

அன்று ராத்திரி யோகனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "கேக்குதோ?" என்றேன். "ஓம்" என்றார். பிறகு, "நாளைக்குப் பேர் கூப்பிடுற நாள்" என்றார்.

மறுநாள் அங்கே நடந்ததை அவர் பிறகு என் கட்டிலருகே நின்று சொன்னார். மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நின்றிருக்கிறார்கள். டிலானி மரியாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதிகாரி எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார்.

"நிர்மலா எங்கப்பா?"

"ஆஸ்பத்திரியில, சார்."

"என்ன உடம்புக்கு?"

யோகன் பொய் சொல்லத்தான் நினைத்தாராம். வயிற்றுவலி என்று வாய் வரை வந்ததாம். அடுத்த மாதமும் கேட்பார்கள், அதற்கடுத்த மாதமும் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். "டிபி, சார்" என்றார். உரக்கச் சொல்லிவிட்டார்.

"அட்மிஷன் சீட்டு காப்பி ஒண்ணு குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எங்கள் ஆட்கள்தான் அதை அவ்வளவு சுலபமாக விடவில்லை. வரிசை மெதுவாக விலகியது. மரியாக்கா டிலானியின் கையை விட்டுவிட்டார். "கையைத் துடைச்சா அப்பா, சீலையில" என்று டிலானி பிறகு கேட்டாளாம். "ஏன் துடைச்சவ?"

யோகன் இதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்தபடி நின்றார். "என்னட்டை முதல்லயே சொல்லியிருக்கலாமே நிர்மலா" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் டிலானியைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் ஒரு இடம் சந்தேகமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். நான் அவள் பக்கத்தில் போகக் கூடாது. வராந்தாவின் கோடியில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. முதலில் சிஸ்டரின் குரல், "முழுங்குடா கண்ணு, முழுங்கு." அதன்பிறகு என் பிள்ளை குமட்டுகிற சத்தம். அவள் "அம்மா" என்று கூப்பிடவில்லை. "அப்பா" என்றுதான் கூப்பிட்டாள். நான் தூரமாகப் போய்விட்டவள் என்று அதற்குள் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளையும் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முதல் நாள் காலையில் புது மருந்து தொடங்குவதற்கு முன் இதயத் துடிப்பைப் படமெடுத்தார்கள். ஒயர்களை ஒட்டிய பெண், "ஏம்மா இப்படி படபடன்னு அடிக்குது?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் பூக்கட்டுகிற ஒரு பெண் இருந்தார். என்னைவிடச் சின்னவர், சிறுமி போல மெலிந்த உடம்பு. இரண்டு முறை மருந்தைப் பாதியில் விட்டவர். "நல்லாயிட்டா மாதிரி இருந்துச்சு, வுட்டுட்டேன்க்கா" என்று சொன்னார். இரண்டாம் நாள் காலை நான் கழுவிவிட்டு வந்தபோது அவர் கட்டிலில் விரிப்பு இல்லை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் டிலானிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு மடத்தனம்.

அந்த நாட்களில்தான் டீச்சரும் வந்தார். பாலாஜி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தார். சாரை ஆம்புலன்சில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இருபத்து நாலு நாள். தெரிஞ்சே அவர் வாயில ஊட்டினியே நிர்மலா. உன்னை என் பொண்ணு மாதிரின்னு நாலு பேர்கிட்ட சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க மாஸ்க்குக்குள் வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

சாருக்கு உப்புநீர் ஆவி பிடிக்க வைத்துச் சளி எடுத்தார்கள். அவருக்கும் கிருமி இருந்தது.

அதைக் கேட்டதும் நான் என் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இனிமேல் எனக்கு மருந்து தேவையில்லை என்று தோன்றியது. அன்று மாத்திரையை எடுக்கவில்லை. சிஸ்டர் வந்து, தண்ணீர் டம்ளரை நீட்டியபடி நின்றார். விழுங்கும்வரை நகரவில்லை.

மறுநாள் காலை டீச்சர் மறுபடி வந்தார். வார்டுக்கு வெளியே மரத்தடிப் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்து, இன்னொரு கோடியை எனக்குக் காட்டினார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு கேட்டாரு, இவருக்கு முன்னாடி டிபி வந்திருக்கான்னு. இல்லன்னேன். பழைய தழும்பு இருக்கே, ரொம்ப வருஷத்துத் தழும்புன்னாரு." குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும் நிர்மலா. கல்யாணத்துக்கு முன்னாடி இவர் இங்கதான் படுத்திருந்தாரு, மாசக்கணக்கா. அவங்க வீட்ல மறைச்சுத்தான் கட்டிவச்சாங்க. எனக்குத் தெரிஞ்சப்போ பெரியவன் பொறந்துட்டான். அப்புறம் நானும் மறைச்சேன். இத்தனை வருஷமா மறைச்சேன். எங்க சபையில ஒருத்தருக்கும் தெரியாது. நேத்துகூட டாக்டர்கிட்ட இல்லன்னுதான் சொன்னேன், பாரு."

கஞ்சி ஊட்டிய அன்று சார் சொன்ன அந்த வார்த்தை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரயில் ஸ்டேஷனை அல்ல, டிபிக்காகத் தான் படுத்திருந்த இந்தப் பழைய சானடோரியத்தைச் சொல்லியிருக்கிறார்.

கிருமி வருடக்கணக்கில் உடம்புக்குள் தூங்கும், வயதாகி உடம்பு தளரும்போது எழும்பும் என்று டாக்டர் சொன்னார். சில வாரம் கழித்து சாருடைய இரண்டாவது பரிசோதனை முடிவும் வந்தது. அவருடைய கிருமியும் அதே ஐசோனியசிட்டுக்கு அசையாத கிருமிதான். அந்தக் காலத்தில் மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி இருக்கலாமாம். அவரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குப் போனதா என்று டாக்டரிடம் கேட்டேன். "அவர்கிட்டயிருந்து வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்கு ஆறுதல் தரவில்லை. யாரிடமிருந்து வந்தாலும் தெரிந்த பிறகு மறைத்தவள் நான்.

டிலானியின் முடிவுக்குக் காத்திருந்த மூன்றாம் நாள் மத்தியானம் பாலாஜி வார்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு அது எதற்கென்று புரியவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லக்கா!" என்று கத்தினார். வார்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தது சாதாரணச் சளி. யோகனுக்கும் இல்லை. டிலானிக்கும் அவருக்கும் நான்கு மாதம் தடுப்பு மருந்து. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். உடம்பிலிருந்து எலும்பை உருவியது போல இருந்தது.

முகாமுக்கு எக்ஸ்ரே வண்டி வந்த நாளில் நான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். எங்கள் வரிசையை மட்டும் பார்த்தால் எங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள் என்று யோகன் கேட்டுக்கொண்டதால், முகாம் முழுவதையும் பார்த்தார்கள். அதற்கு முதல் நாள் இரவு தடுப்புச் சுவருக்கு மேலாக மரியாக்காவின் குரல் வந்ததாம்.

"யோகன், முழிப்போ? எனக்கும் ஒரு மாசமா இருமல். ஆருக்கும் சொல்லேல்லை."

"வாங்கோக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து வண்டிக்குப் போவம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்று வண்டியில் சளி கொடுத்தவர்களில் ஒருவருக்கு டிபி இருந்தது. அது யாரென்று நான் எழுத மாட்டேன்.

நான் திரும்பி வந்தபோது சளியில் கிருமி வருவது நின்றிருந்தது. இனி பரவாது, மருந்தை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முகாமில் சிலர் வந்து பேசினார்கள். சிலர் இன்னும் பேசவில்லை. புது மாத்திரையால் மூட்டெல்லாம் வலித்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. டிலானி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள்.

நான்காவது மாதம் டீச்சர் போன் செய்தார்.

"சார் பரவாயில்ல. மருந்து ஒத்துக்கிச்சு. அவருக்கும் இப்ப கிருமி இல்லன்னுட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க வேலைக்கு வந்தாங்க நிர்மலா. மறைக்கக் கூடாதுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். முதல் பொண்ணு சாயங்காலமே போயிட்டா. ரெண்டாவது பொண்ணு உள்ளயே வரல. என்னால அவரைத் தூக்க முடியலம்மா. நீ வர்றியா?"

யோகன் வேண்டாம் என்றார். "அந்தாளாலதானே உனக்கு வந்தது?"

"என்னால அவருக்கு வந்திருந்தா?"

"பயமில்லையோ உனக்கு?"

பயமாகத்தான் இருந்தது. அந்த அறையை நினைத்தாலே வாயில் இரும்பு ருசி வந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். போகலாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மருந்தை விடாதீர்கள், சந்தேகம் வந்தால் அன்றே வாருங்கள் என்றார். டீச்சரிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். கொசுவலை அடிக்க ஆள் வரச் சொல்லிவிட்டேன் என்றார்.

புறப்பட்ட அன்று காலை டிலானி பஸ் நிற்கும் இடம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாத்திரைப் பட்டையை அவளே எண்ணி மேலாக வைத்திருந்தாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"அம்மா, அங்க திரும்ப இருமல் வந்தா ஆருக்குச் சொல்லுவீங்கள்?"

"அப்பாவுக்கு."

"பிறகு?"

"டீச்சருக்கு. பாலாஜி அண்ணாவுக்கு. ஆஸ்பத்திரிக்கு."

அவள் பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு?"

"உனக்குத்தான் முதல்ல" என்றேன். சொல்லும்போதே தொண்டை கமறியது. இருமல் இல்லை, அழுகைதான். ஆனாலும் பஸ் வந்து நின்ற பிறகும், நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும், அவள் கையசைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.